நன்றி அட்டைக்கு எந்தக் காகிதம்?

அத்தாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். பாதிப் பேரை எனக்கு முன்பின் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆளுக்கு ஒரு அட்டை, வீட்டு பிரிண்டரிலேயே அடித்து, உள்ளே கையால் நாலு வரி எழுதித் தபாலில் அனுப்புவது என்று முடிவு. பதினான்கு அட்டைக்காக ஆஃப்செட் அச்சகத்துக்குப் போக முடியாது. கல்யாணப் பத்திரிகை மாதிரி நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆகவே காகிதத்தை நானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படித்ததையும் அடித்துப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஜிஎஸ்எம். கடையில் எல்லோரும் சொல்லும் சொல்தான். ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை எத்தனை கிராம் என்பதே அது. ஏ0 தாளின் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. அப்படியானால் 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம். 250 ஜிஎஸ்எம் அட்டை ஏ4 அளவில் 15.6 கிராம். இந்தக் கணக்கு எதற்கு என்கிறீர்களா? தபாலுக்கு. சாதாரணக் கடிதத்துக்கு அஞ்சல் துறை வைத்திருக்கும் முதல் படி 20 கிராம். ஏ4 அட்டையை இரண்டாக மடித்தால் அதற்கேற்ற கவர் மட்டுமே ஆறேழு கிராம் வரும். இரண்டும் சேர்ந்து 20-ஐத் தாண்டிவிடும், அடுத்த படிக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஏ5 அட்டையை மடித்தால் 7.8 கிராம், சின்னக் கவர் மூன்று நான்கு கிராம். தாராளமாக அடங்கும்.

ஏ4-ஐ வெட்டி ஏ5 ஆக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மரத்துக்கு இருப்பது போலக் காகிதத்துக்கும் ரேகை உண்டு. ஆலையில் கூழ் ஓடும் சல்லடையின் மேல் விழும்போது, நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடுகின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மடிப்பு ஓரம் வெடித்து, மேலே அச்சடித்த நிறமும் உதிரும். கெட்டி அட்டையில் இது நன்றாகவே தெரியும்.

ஏ4 கட்டுகளில் ரேகை பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கமாக ஓடும். முழு ஏ4-ஐப் பாதியாக மடித்தால் ரேகைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். அதையே முதலில் இரண்டு ஏ5 ஆக வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்துப் பாருங்கள். மடிப்புக்கோடு ரேகையோடு சேர்ந்தே ஓடும். ஒரே தாள், ஒரே விலை, ஆனால் அட்டை வேறு மாதிரி நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். நார் ஈரத்தில் நீளாது, பருக்கும். அதனால் துண்டு குழாய் போலச் சுருளும். அந்தக் குழாயின் நீளவாட்டம்தான் ரேகை.

அடுத்தது, அச்சடிக்கும் இயந்திரம். காகிதம் வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். இங்க்ஜெட் என்றால் தண்ணீர் கலந்த மை, அதைக் காகிதம் குடிக்க வேண்டும். ஆஃப்செட்டுக்கென்று செய்த பளபள ஆர்ட் போர்டு இந்த மையைக் குடிக்காது. மை மேலேயே நிற்கும், மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டும். லேசர் என்றால் அது மையே அல்ல, பிளாஸ்டிக் கலந்த பொடி. சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. அதற்கு வழுவழுப்பான அட்டை நல்லது. மேடு பள்ளம் உள்ள டெக்ஸ்சர் போர்டில் பள்ளத்துக்குள் பொடி சரியாக ஒட்டாமல் பிறகு உதிரும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை மட்டும் லேசரில் வைத்துவிடாதீர்கள். அதன் மேல்பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால் செலவு அட்டையோடு நிற்காது.

தாள் போகும் வழியையும் பாருங்கள். முன்பக்கத் தட்டிலிருந்து எடுக்கும் பிரிண்டரில் தாள் உள்ளே ‘ப’ மாதிரி வளைந்து திரும்ப வேண்டும். கெட்டி அட்டை அங்கேதான் சிக்கும். பின்பக்கமாகச் செருகும் வகையில் வளைவு குறைவு. எத்தனை ஜிஎஸ்எம் வரை தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும், அதை மீற வேண்டாம்.

இனி எழுத்து. தமிழில் அச்சடிக்கிறவர்கள் காகிதத்தை ஆங்கிலக்காரர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. ண, ஞ, ஊ, ணை எல்லாம் சுழியும் வளையமுமாக இருப்பவை. மை கொஞ்சம் கசிந்தாலும் வளையம் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-லிருந்து பருத்தித் துணிக் கழிவிலிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். தொட்டால் விட மனசு வராது. ஆனால் அதன் பரப்பில் 10 பாயிண்ட் தமிழை இங்க்ஜெட்டில் அடித்தால் கூர்மை போய்விடும். கைக்காகிதம்தான் வேண்டும் என்றால் எழுத்தை 16, 18 பாயிண்டுக்கு ஏற்றி, கோடு மெலிந்த எழுத்துருவாக எடுங்கள். ‘நன்றி’ என்ற ஒரே சொல்லைப் பெரிதாகப் போட்டால் அதைவிட அழகு.

எழுத்தின் அளவுக்கும் காகிதத்துக்கும் இடையிலான இந்த இழுபறி நம் பக்கத்தில் முந்நூறு வருஷத்துப் பழசு. நமக்கு வடகிழக்கே கடலோரம் இருக்கும் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்து ரொம்பப் பெரிசு. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை அதில் அடித்தால் காகிதம் போதாது, இருந்த இருப்பும் குறைவு. சீஸ் வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். புத்தகம் 1715-ல் முடிந்தது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை வைக்கவும் முயன்றார்கள். அவர்கள் காகிதத்துக்காக எழுத்தைச் சுருக்கினார்கள், நாம் காகிதத்துக்காக எழுத்தைப் பெரிதாக்குகிறோம்.

நிறம். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கே வெள்ளை இருக்கிறதோ அங்கே தெரிவது காகிதம்தான். சந்தன நிற அட்டையில் குழந்தையின் முகத்தை அடித்தால் காமாலை வந்த மாதிரி இருக்கும். படம் என்றால் வெள்ளை, வெறும் எழுத்து என்றால் சந்தன நிறம்.

கடையில் எப்படிக் கேட்பது? கூத்தாநல்லூரில் ஸ்டேஷனரி கடைக்குப் போய் ‘அட்டை குடுங்க’ என்றால் பள்ளிக்கூடத்துச் சார்ட் அட்டையைத்தான் எடுப்பார்கள். அது சுருட்டி வைத்தே பழகியது, நேராக நிற்காது. ‘பூச்சு இல்லாத ஐவரி போர்டு, 200லேர்ந்து 250க்குள்ள, ஏ4 சைஸ்ல’ என்று கேளுங்கள். ஒரு பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் அது டூப்ளெக்ஸ், இனிப்புப் பெட்டிக்கானது. பூச்சு இல்லாதது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உள்ளே எழுதப்போகும் பேனா. பளபளப்பில் பால்பாயிண்ட் வழுக்கும், இங்க் பேனா காயவே காயாது. நன்றி சொல்லும் இடமே கையெழுத்துதான், அதைக் காகிதம் வாங்கிக்கொள்ளாவிட்டால் மற்ற அலங்காரம் எதற்கு?

நான் எடுத்தது சந்தன நிற ஐவரி, 220 ஜிஎஸ்எம். முழு ஏ4-இல் இரண்டிரண்டாக அடித்துப் பிறகு வெட்டினேன். மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்தால் போதும், அந்தக் கோட்டிலேயே மடியும்.

டெல்டாவில் இருக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் பிரித்துப் போட்ட காகிதம் ஈரத்தை இழுத்து ஓரம் நெளிந்துவிடும். நெளிந்த தாள்தான் பிரிண்டரில் சிக்கும், மையும் கசியும். கட்டைப் பிரித்தால் மிச்சத்தை அன்றே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, படுக்கை வசமாக வையுங்கள். அடித்த அட்டைகளையும் மழைக்காலத்தில் உடனே கவரில் போட வேண்டாம். ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி பரப்பி வைத்து, காலையில் எழுதி ஒட்டுங்கள்.