மறைந்த பொத்தானும் மறையாத கோப்பும்

பழையதைப் புதுக்கும்போது பழையதில் இருந்த நன்மை ஒன்றிரண்டு உதிர்ந்து போவது உலக இயற்கை. மீனாட்சிபுரத்தார்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே நம்மூர் வழியாகச் சென்ற மீட்டர்ப் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்கென 2008ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகளை நிறுத்தினர். ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்து 2015இல் புதிய பாதை திறக்கப்பெற்றது. பாதை அகன்றது, தண்டவாளம் வலுத்தது. ஆயினும் முன்பு ஓடிய வண்டிகள் அனைத்தும் அந்தப் பாதையோடு சேர்ந்து திரும்பிவிடவில்லை. புதுமையை வரவேற்பவர்கள், அதனோடு எது விடுபட்டுப் போயிற்று என்பதையும் கணக்குப் பார்த்தல் வேண்டும் என்பதே அதனால் நாம் பெற்ற படிப்பினை.

அத்தகைய விடுபாடு ஒன்று 2024ஆம் ஆண்டில் கணினி உலகிலும் நேர்ந்தது. அது பொறியாளர்களின் கவலை, நமக்கென்ன என்று நம் குடும்பங்கள் இருந்துவிடுதல் ஆகாது. ஏன் எனில், நம் வீட்டுப் பழைய தாள்கள் பலவும் இன்று கணினியின் கோப்புறைகளுக்குள் குடிபுகுந்துவிட்டன.

நம் மக்களிடத்தில் பழைய தாளுக்கு உள்ள மதிப்பு தனியானது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டுப் பகுதியும், திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் அதன்கண் அடங்கின. எல்லை மாறியபின், யார் எந்நாளில் எங்கே குடியிருந்தார் என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டியதாயிற்று. பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுவோரிடம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக் காலத்திலேயே அவர்தம் முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்தனர் என்பதற்கு ஆதாரம் கேட்கின்றனர். அந்நேரத்தில் பாட்டனாரின் பள்ளிச் சான்றும், தோட்டத்துப் பேரேட்டின் படியும், நிலத்தின் பட்டயமும் ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தையே முடிவு செய்வன ஆகின்றன.

இத்தாள்களைப் படமெடுத்து, மேகச் சேமிப்பு எனப்படும் இணையவழிக் களஞ்சியத்தில் ஒரு கோப்புறையில் இட்டு, ஊரில் இருக்கும் பெற்றோரும் கோவையில் பயிலும் மகனும் வளைகுடாவில் பணிபுரியும் மகளும் ஆக எல்லோரும் அதனைப் பகிர்ந்துகொள்வது இக்கால வழக்கம். டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் முதலியன இத்தொண்டினைச் செய்கின்றன. கோப்பின் படத்தருகே ஒரு சிறு பச்சைக் குறி தோன்றினால், களஞ்சியத்திலும் அதன் படி சேர்ந்துவிட்டது என்று மனம் அமைதி கொள்கின்றோம்.

அந்தப் பச்சைக் குறியை யார் இடுகின்றார் என்பதை அறிதல் நலம். கணினியில் கோப்புகளை அடுக்கிக் காட்டும் செயலிக்குக் கோப்பு மேலாளர் என்று பெயர். ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக் கணினியில் அதன் பெயர் ஃபைண்டர். வேறு நிறுவனத்தார் தம்முடைய குறிகளையும் கட்டளைகளையும் அதனுள் காட்டிக்கொள்ள உதவும் ஒட்டுறுப்பினை நீட்சி என்பர். முற்காலத்தில் சில நிறுவனத்தார் ஃபைண்டரின் உட்புறத்திலேயே தம் நிரலைப் புகுத்திக் குறியிட்டனர். அது பாதுகாப்புக்கு ஏலாது என்பதனால், 2014இல் வெளிவந்த யோசமிட்டி பதிப்பில் ஃபைண்டர் சிங்க் என்னும் ஒழுங்கான வாயிலை ஆப்பிள் நிறுவனம் அமைத்தது. எந்த நீட்சியை உள்ளே விடுவது, எதனை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் பொத்தான் கணினியின் அமைப்புகள் பக்கத்தில் உரியவரின் கையில் இருந்தது.

2024 செப்டம்பர் 16ஆம் நாள் செக்கோயா எனப்படும் 15ஆம் பதிப்பு வெளியாயிற்று. அதில் நீட்சிகளுக்கான பக்கத்தை வேறோர் இடத்திற்கு மாற்றி அமைத்தனர். அம்மாற்றத்தில் ஃபைண்டர் நீட்சிகளுக்குரிய பொத்தான்கள் காணாமற் போயின. நீட்சி இருந்தது, அது செல்லும் வாயிலும் இருந்தது, வாயிலின் திறவுகோல் மட்டும் வீட்டுக்காரரின் கைக்கு எட்டவில்லை. புதிதாக ஒரு நீட்சியை நிறுவியவர் அதனை இயக்க வழியறியாது திகைத்தார். இயங்கிக்கொண்டிருந்ததை நிறுத்த விரும்பியவருக்கும் அதே திகைப்பே. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் ப்ளக்இன்கிட் என்ற கட்டளையைத் தட்டெழுதத் தெரிந்தவர்கள் அதனைச் செய்துகொண்டனர். தெரியாத இல்லத்தரசியும் முதியவரும் என்ன செய்வர்?

மென்பொருள் ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் வெளியான 15.2 பதிப்பில் அப்பொத்தான்கள் மீண்டும் இடம்பெற்றன. ஆகவே இன்று செக்கோயாவின் முதற் பதிப்பிலேயே தங்கியிருக்கும் அன்பர் எவரேனும் இருப்பின், அதன்மேல் வந்த திருத்தங்களை ஏற்றுக்கொள்வதே அவருக்கு நேர்வழி.

இது மேக் கணினிக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணற்க. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, வலப்பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டியலைச் சுருக்கி, பழைய நீட்சிகளின் கட்டளைகளை "மேலும் விருப்பங்கள்" என்ற வரிக்குப் பின்னே ஒளித்து வைத்தது. விண்டோஸில் கோப்பின் மேல் இடப்படும் குறிகளுக்கு 15 இடங்களே உண்டு. நிறுவனங்கள் பல போட்டியிட்டால் பிந்தியவரின் குறி தோன்றாது. கேரள அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பயிலும் கணினிகள் உபுண்டு வழிவந்த கட்டற்ற மென்பொருளில் இயங்குவன. அக்குடும்பத்தைச் சேர்ந்த நாட்டிலஸ் என்னும் கோப்பு மேலாளரும் 2022இல் 43ஆம் பதிப்புக்கு மாறியபோது, பழைய நீட்சிகள் பல திருத்தி எழுதப்படும்வரை இயங்கவில்லை. ஒரு வேறுபாடு உண்டு: அங்கே நிரல் வெளிப்படையாகக் கிடைப்பதனால், எது எங்கே மாறிற்று என்பதை அறிந்தோர் எவரும் திறந்து பார்க்கலாம்.

இனி நாம் தெளிய வேண்டுவது யாது? பச்சைக் குறி வேறு, கோப்பு வேறு. குறியை இடுவது நீட்சி. படியெடுத்துக் களஞ்சியத்துக்கு அனுப்புவது நிறுவனத்தின் தனிச் செயலி. நீட்சி உறங்கினும் செயலி உழைத்துக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே குறி மறைந்தவுடன் கோப்பும் போயிற்று என்று அலறிக் கோப்புறையை அழித்து மீண்டும் நிறுவுதல் ஆகாது. பகிர்ந்த கோப்புறையில் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைக்கூடையிலும் அது 30 நாட்களே கிடக்கும்.

இதற்கு மறுதலையும் உண்மை. பெயர் தெரிவதனாலேயே கோப்பு நம் கணினியில் இருப்பதாகக் கொள்ளுதலும் தவறு. இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக இக்காலச் செயலிகள் பெயரை மட்டும் இங்கே காட்டி, உள்ளீட்டைத் தொலைவிலுள்ள களஞ்சியத்திலேயே வைத்துவிடுவதுண்டு. மேகம் போன்ற படம் அதன் அடையாளம். இணையம் அறுந்த மலைத்தோட்டத்தில், நேர்காணலுக்கு முந்திய இரவில் அக்கோப்பைத் திறக்க முயல்வோருக்கே அதன் அருமை விளங்கும்.

எனவே குடும்பந்தோறும் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, கணினியைப் புதுப்பிக்கும் முன் முக்கியக் கோப்புகளின் உள்ளீட்டை முழுவதும் இறக்கி, தனியான வட்டு ஒன்றில் படியெடுத்து, வட்டைக் கணினியினின்றும் கழற்றி வைத்தல். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது அறிந்தோர் கூறும் முறை. பொள்ளாச்சியில் உள்ள அத்தை வீட்டு அலமாரியும் வேற்றிடமே.

இரண்டாவது, புதுப்பித்தபின் குறியை நம்பாது கோப்பை நம்புதல். இங்கே ஒரு சிறு கோப்பினை இட்டு, மகளை அவள் கைப்பேசியில் திறந்து பார்க்கச் சொன்னால் போதும். அது திறந்ததேல் செயலி இயங்குகின்றது.

மூன்றாவது, அமைப்புகள் பக்கம் பழைய இடத்தில் இல்லையெனில், அப்பக்கத்தின் தேடுபெட்டியில் பெயரை எழுதித் தேடுதல். அங்கும் இல்லையெனில் நிறுவனத்துக்கு முறையீடு எழுதுதல். முன்பின் அறியாத செயலிகளைக் கேட்டவர் பேச்சை நம்பி நிறுவுதலும், பொருள் தெரியாத கட்டளையைத் தட்டெழுதுதலும் வேண்டா.

நான்காவது, மூலத்தாளை ஒருபோதும் எறிந்துவிடாமை. நாமே எடுத்த படம் மூலத்துக்கு ஈடாகாது. டிஜிலாக்கரில்கூட அரசு அலுவலகம் நேரே வழங்கிய ஆவணத்துக்கு உள்ள தகுதி, நாம் எடுத்து ஏற்றிய படத்துக்கு இல்லை.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு பணி உண்டு. ஊருக்கு ஓர் இளைஞரேனும் விடுமுறை நாளில் சங்க மண்டபத்தில் அமர்ந்து, முதியோர் கணினியைப் பார்த்துக் கொடுக்கலாம். கட்டளை எழுதத் தெரிந்தவனுக்குத் திறவுகோலும் தெரியாதவனுக்குப் பூட்டும் என்ற நிலை ஒரு வீட்டுக்குள்ளும் ஆகாது, ஒரு சமுதாயத்துக்குள்ளும் ஆகாது. செக்கோயாவில் போன பொத்தான் மூன்று திங்களில் திரும்பியது, பலர் கேட்டார்கள். கேளாதிருந்தால் அது விடுபட்டது என்பதையே ஆக்கியோர் கருதாது விட்டிருக்கவும் கூடும். இரயிலாயினும் கணினியாயினும், இழந்ததைப் பெயர் சொல்லிக் கேட்பவர்க்கே அது மீளும். அதுவரை, பாட்டனாரின் சான்றிதழ் பெட்டியிலும் இருக்கட்டும், வட்டிலும் இருக்கட்டும்.