மொச்சை பிதுக்கும் விரல்கள்

முந்தின நாள் இரவே ஊறப்போட்ட மொச்சை. காலையில் தோல் தளர்ந்து வழவழவென்று இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், பருப்பு துள்ளி வெளியே வந்துவிடும். தோல் விரலோடு தங்கிவிடும். மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரமாக இதையே செய்துகொண்டிருந்தாள். முதலில் பருப்பு கிண்ணத்தைத் தாண்டி, பாயையும் தாண்டி ஓடியது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பொறுக்கி வந்து, கழுவி, கிண்ணத்தில் போட்டாள். எத்தனையாவது மொச்சையிலோ அழுத்தத்தின் அளவு பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் தலை நிமிரவே இல்லை.

சென்னையில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் சிறிய மாண்டிசோரி பள்ளி அது. பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. விழா நடக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே மேடை இல்லை, மைக் இல்லை. கூடத்தில் ஏழெட்டுப் பாய்கள். ஒரு பையன் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறான். இன்னொருவன் சின்னக் கல்லால் வெல்லம் தட்டுகிறான். ஐந்து வயது இருக்கும் ஒருத்தி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்ட, நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்க்கிறாள். விழா எப்போது ஆரம்பிக்கும் என்று அங்கே இருந்த ஆசிரியையிடம் கேட்டேன். குழந்தைகளுக்கு அவர் அக்கா. “திங்கட்கிழமையே ஆரம்பிச்சாச்சுங்க” என்றார்.

அந்த முடிச்சு திடீரென்று வந்ததல்ல. அலமாரியில் மரச்சட்டங்கள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா. மாதக்கணக்கில் அதில் பழகிய கை இன்று பானைக்கு வந்திருக்கிறது. மொச்சைக்கும் அப்படியொரு முன்கதை உண்டு. பத்துப் பத்தாக நான்கு மரக்கட்டைகளில் பொருந்தும் உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு குமிழ். குழந்தை அந்தக் குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்கி, அதற்குரிய குழியில் இறக்க வேண்டும். உயரமும் பருமனும் கண்ணுக்குப் பிடிபடுவதற்கான கருவி அது. ஆனால் பென்சில் பிடிக்கும் பிடியும் அதே பிடிதான். எழுதச் சொல்வதற்கு வெகுநாள் முன்பே விரல்கள் எழுதத் தயாராகிவிடுகின்றன.

மரியா மாண்டிசோரி ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 ஜனவரி 6ஆம் தேதி. அவர் மருத்துவம் படித்தவர். நோயாளியைக் கவனிப்பது போலவே குழந்தைகளையும் கவனித்தார். நல்ல பொம்மைகளைக் கொடுத்தும் அவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு, நிஜமான வேலையைத் தேடிப் போனதைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, கை கழுவுவது. நம் வீட்டிலும் இது தினம் நடப்பதுதான். ஆயிரம் ரூபாய் பொம்மை மூலையில் கிடக்க, குழந்தை சமையலறையில் கரண்டிக்கு அழும். அந்த அழுகையை அடமென்று தள்ளாமல், அது என்ன கேட்கிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

இந்தக் கல்விக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில், ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் வரவேற்க, 1939 நவம்பரில் அடையாறுக்கு வந்தார் மாண்டிசோரி. அப்போது அவருக்கு 69 வயது. ஆல்காட் தோட்டத்தில் போட்ட ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவரைப் போர் பிடித்துவைத்துக்கொண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மகன் மரியோவைப் பகைநாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளில்தான் விடுவித்தது. பிறகு கொடைக்கானலில் இரண்டு ஆண்டுக்காலம். மலையின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் குழந்தைகளோடு சேர்ந்து பார்த்த அந்த நாட்களில்தான், உலகம் முழுவதையும் ஒரே கதையாகக் குழந்தைக்குச் சொல்லும் அவருடைய எண்ணம் விரிவடைந்தது. அவர் ஊர் திரும்பியபோது 1946 ஆகியிருந்தது.

நான் போயிருந்த பள்ளியில் வருஷம் முழுக்கப் பண்டிகைகள் இப்படித்தான் கைக்கு வருகின்றன. கார்த்திகைக்கு அகல் கழுவித் துடைத்து, திரி திரித்து, கரண்டியால் எண்ணெய் ஊற்றுவது வரை குழந்தைகள். ஏற்றுவது மட்டும் பெரியவர்கள். நவராத்திரிக்கு ஆளுக்கொரு பொம்மை. இரண்டு கையாலும் பிடித்து, அடிமேல் அடி வைத்து வந்து, படியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மை கிடையாது. மண் பொம்மை விழுந்தால் உடையும், உடைந்தால் திரும்ப வராது. அது தெரிந்திருப்பதால்தான் அந்த நடையில் அத்தனை கவனம். போன வருஷம் ஒரு செட்டியார் பொம்மை உடைந்ததாம். கூட்டம் கூடவில்லை, அதட்டல் இல்லை. போட்டவனே போய்ச் சின்னத் துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து அள்ளினான் என்று அக்கா சொன்னார்.

விஜயதசமிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதவைக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதிப் பழகினார்கள். இங்கே அட்டையில் உப்புத்தாள் ஒட்டிச் செய்த எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்கிறது குழந்தை. கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் படிக்கின்றன. எழுத்து தோல் வழியாக உள்ளே போகும் என்பதை நம் பாட்டன்மாரும் அறிந்திருந்தார்கள். நாம் அதை ஒரு நாள் சடங்காகச் சுருக்கிவிட்டு, மறுநாளே கையில் நோட்டைத் திணித்துவிடுகிறோம்.

பிறந்தநாளுக்கு இங்கே கேக் கிடையாது. நடுவில் ஒரு குத்துவிளக்கு, அதுதான் சூரியன். பிறந்தநாள் குழந்தை சிறிய பூமி உருண்டையைக் கையில் ஏந்தி விளக்கைச் சுற்றி நடக்கிறது. ஒரு சுற்று முடிந்தால் ஒரு வயது. அந்த வயதில் எடுத்த படத்தைக் காட்டி, அப்போது என்ன செய்தாள் என்று அம்மா சொல்கிறாள். நான்கு சுற்று, நான்கு வயது. உலகமெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் இந்த வழக்கம் உண்டு. ஆனால் தை பிறந்ததும் முற்றத்தில் கோலமிட்டு, சூரியனைப் பார்த்துப் பானை வைக்கும் ஊரில் அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

மாண்டிசோரி என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பிங்க் டவரைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். குழந்தை அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடுக்கி, சரித்து, மறுபடி அடுக்கவென்றே செய்யப்பட்டவை. அங்கே விழா என்றால் மூன்று வாரம் பாட்டும் ஒத்திகையும், குத்தும் ஜரிகையும், விளக்கு வெளிச்சத்தில் மிரண்டு அழும் பிள்ளைகளும். முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடிக்கும் பெற்றோருக்காக நடப்பது அது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இதை நினைத்தால் எனக்கு வருத்தம் மட்டுமில்லை, கோபமும் வருகிறது.

பதினொன்றரைக்குப் பாய்களைச் சுருட்டி வைத்தார்கள். பிதுக்கிய பருப்பு இரண்டு கை அளவு சேர்ந்திருந்தது. மதியக் குழம்புக்குப் போதும் என்றார் சமையல் செய்யும் அம்மா. வாசலில் தாத்தா ஒருவர் ஸ்கூட்டரில் காத்திருந்தார். மூன்றரை வயதுக்காரி ஓடிப்போய், ஊறிச் சுருங்கியிருந்த விரல் நுனிகளை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“என்னடா கண்ணு, இப்படி ஆயிருக்கு? தண்ணில விளையாடினியா?”

“இல்ல தாத்தா, வேலை” என்றாள்.