மலைக்குப் பயப்படாத டிஷ்

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் நம் லோயர் கேம்ப்பில் நின்று பார்த்தால் கண் போகிற பக்கமெல்லாம் மலைதான். தென்மேற்கே குமுளி மலை. அந்தச் சரிவில்தான் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்நிலையத்துக்கு வருகிறது. கிழக்கே மேகமலைத் தொடர். “இத்தனை மலைக்கு நடுவுல டிஷ் வச்சா படம் எடுக்குமா?” என்று வீட்டில் பாட்டி கேட்டால் சிரிக்காதீர்கள். நியாயமான சந்தேகம்தான் அது.

பாட்டி பார்த்த காலத்து டி.வி.க்கு அலைகள் தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து வந்தன. குறுக்கே ஒரு மலை வந்தால் படம் முழுக்கப் புள்ளிதான். தூர்தர்ஷன் தன் கோபுரத்தைக் கொடைக்கானல் மலை மேலேயே கொண்டுபோய் நிறுத்தியதும் இதனால்தான்.

டிஷ்ஷுக்கு அலை வருவது வானத்திலிருந்து. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் நம் கண்ணுக்கு அது ஒரே இடத்தில்தான் நிற்கும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் நாள் முழுக்க மொட்டைமாடியில் உட்கார்ந்து டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! இந்த உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் கிளார்க். பிற்பாடு அவர் இலங்கையில் குடியேறினார். 1975இல் நம் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டுக்கே போய் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். யோசனை சொன்னவருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா?

சரி, நம் ஊரிலிருந்து பார்த்தால் அது எங்கே இருக்கும்? சன் டைரக்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் வருவது ஜிசாட்-15 வழியாக. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. லோயர் கேம்ப் இருப்பது சுமார் 77.2 டிகிரியில். ஆகவே அது நமக்குக் கிழக்கே. நாம் நடுக்கோட்டுக்கு ஒன்பதரை டிகிரி வடக்கே இருப்பதால் கொஞ்சம் தெற்கேயும்கூட. கணக்குப் போட்டால், நேர் கிழக்கே பார்த்து நின்று வலப்பக்கம் 30 டிகிரி திரும்ப வேண்டும். செல்போன் திசைகாட்டியில் அது 120 என்று காட்டும். இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் பொய் சொல்லும். பிறகு தலையை நிமிர்த்த வேண்டும், சுமார் 68 டிகிரிக்கு. உச்சி வானம் 90 என்றால் எவ்வளவு மேலே என்று பாருங்கள். லண்டனில் இருப்பவர்கள் தங்கள் செயற்கைக்கோளுக்கு 25 டிகிரிதான் நிமிர்கிறார்கள். எதிர்வீட்டுக் கூரையே அவர்களுக்கு மறைப்பாகிவிடும்.

மலைப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிட்டது. 68 டிகிரிப் பார்வையை மறைக்க வேண்டுமானால், 1,000 மீட்டர் உயர மலை உங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் செங்குத்துச் சுவராக எழும்பி நிற்க வேண்டும். மேகமலை அவ்வளவு பக்கத்தில் இல்லை. ஆனால் தென்னை இருக்கிறதே! டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த தென்னை, அந்தத் திசையில் 4 மீட்டருக்குள் இருந்தால் மறைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் டிஷ்ஷுக்கு எதிரி மலை இல்லை, கொல்லையில் நாமே நட்ட மரம்தான்.

இப்போது மாடிக்குப் போய் ஏதாவது ஒரு டிஷ்ஷைப் பாருங்கள். 68 டிகிரி நிமிர்ந்தா இருக்கிறது? இல்லை, பாதி வானத்தைத்தான் பார்ப்பதுபோல் இருக்கும். வீட்டு டிஷ் முழுக் கிண்ணம் அல்ல. பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. மேலிருந்து சாய்வாக வரும் அலை அதில் பட்டு, கீழ்ப்பக்கம் கம்பியின் நுனியில் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கிக்குத் திரும்புகிறது. அதனால் முகம் நாற்பத்துச் சொச்சம் டிகிரி சாய்ந்திருந்தாலும் பார்வை 68இல்தான். எல்.என்.பி.யின் நிழல் அலையை மறைக்காது, மழைத்தண்ணீரும் தேங்காது. கெட்டிக்கார வடிவம்!

இடம் பார்க்க ஒரு அருமையான வழி இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், சூரியன் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், லோயர் கேம்ப்பிலிருந்து பார்த்தால் சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வருகிறது. மார்ச் 16 வாக்கில் காலை சுமார் 11.15க்கு, செப்டம்பர் 27 வாக்கில் சுமார் 11 மணிக்கு. அந்த நேரத்தில் மாடியில் எங்கெல்லாம் வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் செயற்கைக்கோள் தெரியும். எங்கே மரநிழல் விழுகிறதோ அங்கே டிஷ் வைக்கக் கூடாது. சாக்பீஸால் நிழலைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். சரியான நேரம்தானா என்று பார்க்க, 1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்துங்கள். நிழல் 40 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. டாடா பிளே வீட்டுக்காரர்களுக்கு நேரம் வேறு. அவர்கள் செயற்கைக்கோள் 83 டிகிரியில் இருப்பதால் மார்ச்சில் சுமார் 12 மணிக்குப் பார்க்க வேண்டும்.

அதே நாட்களில் இன்னொன்றும் நடக்கும். சூரியனும் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அது செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும் சில நிமிடங்களில் சிக்னலை அமுக்கிப் படத்தைக் கலங்கடிக்கலாம். நல்ல வெயிலில் படம் உடைந்தால் டிஷ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது சரியாகப் பார்க்கிறது என்பதற்குச் சாட்சி அதுதான்.

இடம் கிடைத்த பிறகு காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்று நம் ஊரில் குமுளிப் பக்கமிருந்து வருகிறது. டிஷ்ஷின் முதுகில்தான் அது அறையும். ஆகவே மாடிப்படி அறைக்குக் கிழக்குப் பக்கம் வைத்தால் சுவரே காற்றைத் தடுக்கும். மேற்கே இருக்கும் சுவர் பார்வையை மறைக்காது. குழாயை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால், டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் அதன் நிமிர்வும் சேர்ந்து மாறும். சிக்னல் பிடிக்க வந்தவர் பாடு திண்டாட்டம்தான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு 1 சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வை சுமார் 2 டிகிரி தள்ளிப்போய்விடும். அது பார்க்கும் மொத்த அகலமே 3 டிகிரிதான். ஏணி, கைப்பிடிச்சுவர், மின்கம்பி உள்ள வேலை என்பதால் இதெல்லாம் பெரியவர்கள் பாடு. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது உங்கள் வேலை.

கடைசியில் மழை. வீட்டு டிஷ் வாங்கும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சாரல் மழை அதை ஒன்றும் செய்யாது. அடைமழை என்றால் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் சிக்னலைத் தேய்த்துவிடும். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய வலை டிஷ் வாங்கும் அலை நீளம் கூடியது, ஏழரை சென்டிமீட்டர். அதனால் அவருக்கு மழைத் தொல்லை குறைவு. நம் வீட்டில் “சிக்னல் இல்லை” என்று வந்தால் மழை விடும்வரை பொறுத்தால் போதும், படம் தானாக வந்துவிடும். அதற்குள் சித்தப்பா மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.