பாடசாலையும் கக்கூஸும்

காலை எட்டரை மணிக்குப் பூந்தமல்லி ஹைரோடில் வேலப்பன்சாவடி வழியாகச் செல்வோர், புத்தக மூட்டை சுமந்த பெண் குழந்தைகள் கூட்டங்கூட்டமாய்ப் பாடசாலைக்குச் செல்வதைக் காணலாம். நம் பாட்டிமார் காலத்தில் இக்காட்சி கனவிலும் தோன்றியிராது. இதைக் கண்டு பூரிக்கும் நாம், நமது சர்க்கார் ஹைஸ்கூல்களில் படிக்கும் பெண்களில் எத்தனை பேர் வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் திரும்பும் வரை ஒரு வாய் ஜலமும் அருந்தாதிருக்கிறார்கள் என்று விசாரித்ததுண்டா? தாகமின்மையாலன்று, தண்ணீர் குடித்தால் கக்கூஸுக்குப் போக நேருமே என்ற பயத்தால். இதனால் மூத்திரப் பாதையில் கிருமி நோய் உண்டாவதை எந்த வைத்தியரும் சொல்வார். மாதத்தில் சில தினங்கள் பெண்கள் வகுப்புக்கே வராதிருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். 2011-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி சர்க்கார் அப்பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்குவது மெச்சத்தக்கதே. ஆனால், அதை மாற்றத் தாழ்ப்பாளுள்ள கதவும், கை கழுவத் தண்ணீரும் இல்லாவிடில் என்ன பிரயோஜனம்?

சட்டம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் குடிநீரும் வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எந்த வயதில் தனிக் கழிப்பிடம் ஒரு பெண்ணுக்கு மிகவும் அவசியமோ, அந்த வயதிலேயே சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது! இந்தக் குறையை ஒருவாறு நிவர்த்தித்தது சுப்ரீம் கோர்ட். சகல பாடசாலைகளிலும் ஆறு மாதத்திற்குள் இவ்வசதிகளைச் செய்து முடிக்க வேண்டுமென்று 1912 அல்ல, 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதியன்று அது உத்தரவிட்டது. இவ்வளவு அடிப்படையான காரியத்திற்கு, சுதந்திரம் பெற்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோர்ட் உத்தரவு தேவைப்பட்டது.

கட்டுவதிலும் குறைவில்லை. 2014-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பிரதம மந்திரி அறிவித்து, ஓராண்டில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கழிப்பிடங்கள் எழுந்தன என்று இந்திய சர்க்கார் கூறினர். பொதுத்துறைக் கம்பெனிகள் கட்டியவற்றில் ஒரு பகுதியைப் பதினைந்து ராஜ்யங்களில் நேரில் பரிசீலித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோ, 72 சதவிகிதத்தில் குழாய்த் தண்ணீர் வசதியில்லை, 55 சதவிகிதத்தில் கை கழுவ வசதியில்லை என்று 2020-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுக்குத் தெரிவித்தார். கட்டடத்திற்குத் திறப்பு விழாவுண்டு, கல்வெட்டுண்டு, மாலையுண்டு. தினந்தோறும் கழுவுகிறவருக்கு மாலை போடுவார் யார்? அவருக்கு உரிய கூலியாவது உரிய காலத்தில் கிடைக்கிறதா? பழைய கட்டடங்களின் நிலையோ இன்னும் பரிதாபம். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில், உதவி பெறும் பாடசாலையொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று சிறுவர் மாண்டனர்.

கூலிக்கு ஆளில்லாத இடத்தில் குழந்தைகளின் கையில் துடைப்பம் கொடுக்கப்படுகிறது. எந்தக் குழந்தைகள் என்பதையும் சொல்ல வேண்டுமா? ஷெட்யூல்ட் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு கக்கூஸ் கழுவச் செய்ததாக எழுந்த புகாரின் மீது, 2022-ஆம் ஆண்டில் ஈரோடு ஜில்லாவில் ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். 1901-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸில் காந்தியடிகள் தாமே துடைப்பம் ஏந்தினாரே என்று சிலர் நியாயம் பேசுவர். அவர் தாமே விரும்பி ஏந்தினார். பிறர் கையில் திணிக்கவில்லை.

சர்க்காரைக் கண்டிப்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. திருவேற்காடு நகரசபையிலும் பாடசாலை நிர்வாகக் குழுக்களிலும் ஊழியம் செய்யும் நண்பர்கள், ஏதேனும் ஒரு திங்கட்கிழமை முன்னறிவிப்பின்றி அருகிலுள்ள பாடசாலைக்குச் செல்லட்டும். மாணவிகளின் பகுதிக்குப் பெண் அங்கத்தினர் செல்லட்டும். குழாயைத் திருப்பிப் பார்க்கட்டும். தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்க்கட்டும். துப்புரவு ஊழியருக்கு எந்த மாதம் வரை கூலி தீர்ந்திருக்கிறது என்று கேட்கட்டும். கண்டதை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுமாறு வற்புறுத்தட்டும். எழுத மறுத்தால் நமக்கு எழுதி அனுப்பட்டும், நாம் பிரசுரிக்கிறோம்.