படத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு, தெரியுமா?

எம்.ஆர்.ஐ. கருவி உங்கள் முழங்காலைப் படமே எடுப்பதில்லை, தெரியுமா? காந்தப்புலத்துக்குள் உடம்பிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது அளக்கிறது, அவ்வளவுதான்! அந்த எண்களிலிருந்து படத்தைக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்கக் கணக்கு.

குறைவாக அளந்தால், அசையாமல் படுத்திருக்கும் நேரம் குறையும். ஆனால், அந்தக் கொஞ்ச அளவுகளுக்குப் பொருந்தும் படங்களோ எண்ணற்றவை! எது நிஜம்? இங்கேதான் உகப்பாக்கக் கணிதம் வருகிறது. முதல் படியில் படத்தை அளவுகளோடு பொருத்தும். இரண்டாம் படியில் அதை நிஜப் படம்போலத் திருத்தும். மறுபடியும் பொருத்தும், மறுபடியும் திருத்தும். இப்படிச் சுற்றும் முறைகளில் பேர்பெற்ற ஏ.டி.எம்.எம்., 1970களில் பிரான்சில் பிறந்தது.

அந்தத் திருத்தும் படிக்குக் கணித அறிஞர்கள் பார்த்துப் பார்த்துச் சூத்திரம் எழுதினார்கள். 2013இல் சிங்காநல்லூர் வெங்கடகிருஷ்ணன், சார்லஸ் பூமன், பிரெண்ட் வோல்பெர்க் மூவரும் கவனித்தது என்ன தெரியுமா? புள்ளி விழுந்த போட்டோவைச் சுத்தம் செய்யும் கணக்கும் இந்தத் திருத்தும் படியும் ஒன்றேதான்! அப்படியானால் சூத்திரத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் நல்ல 'இரைச்சல் நீக்கி' ஒன்றை அங்கே மாட்டிவிடலாமே! வைத்த பெயரும் அதுதான்: 'ப்ளக் அண்ட் ப்ளே'. எவ்வளவு துணிச்சல்!

பின்னால் அந்த இடத்தில், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகும் கணினி நரம்பு வலைகள் வந்து உட்கார்ந்தன. சாதாரண போட்டோக்களை மட்டுமே பார்த்துப் பழகிய வலைகளைக்கூட ஸ்கேன் படத்துக்கு மாட்டிப் பார்த்தார்கள், வேலை செய்தது!

சூத்திரம் போனபின், சுற்றுகள் ஓரிடத்தில் நிலைகொள்ளும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2019இல் ஒரு குழு நிரூபித்தது: உள்ளே போகும் படம் துளி மாறினால், வலை நீக்கித் தள்ளும் இரைச்சலும் துளிதான் மாற வேண்டும். அப்படிக் கட்டுப்படுத்திப் பழக்கினால், சில நிபந்தனைகளின் கீழ் நிச்சயம் நிலைகொள்ளும். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே அழகான இடம் இதுதான்.

சுற்றுகளையே வலையின் அடுக்குகளாக விரித்துப் பழக்கும் வழியும் உண்டு. கரோல் கிரெகரும் யான் லெகுனும் 2010இலேயே அதைச் செய்தார்கள்.

வலை இல்லாததை வரைந்துவிடாதா? வரையலாம். அதனால்தான் அதன் கையில் முழுப் பொறுப்பையும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முதல் படி வந்து, படத்தை நிஜ அளவுகளின் பக்கம் இழுக்கிறது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் நியூயார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2018இல் சுற்றுகளை அடுக்குகளாக விரிக்கும் வழியில் முழங்கால் படங்களை உருவாக்கிக் காட்டினார்கள். எடுத்துக்கொண்டது வழக்கமான அளவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்!