மாதிரி ரயில் எஞ்சினின் பழுதும் பரிகாரமும்

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மாதிரி ரயில் என்பது சிறுவர் விளையாட்டு மட்டுமன்று. வயது வந்தோர் பலர் ஆயுள் முழுவதும் விடாது போற்றும் பொழுதுபோக்காகும். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மேஜைமீது தண்டவாளம் பரப்பி, நிலையமும் கைகாட்டியும் குகைவழியும் அமைத்து, உண்மை வண்டியின் நேர்ப்பிரதியான சிறு வண்டியை அதில் ஓடவிட்டு மகிழ்வார்கள். ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டிலேயே அளவுமுறை வகுத்த ரயில் தொகுதியை லைப்சிக் சந்தையில் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் லிவர்பூலில் நிறுவிய மெக்கானோ கம்பெனி 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும், 1938-இல் மேஜைமீது மின்சாரத்தால் ஓடும் ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற சிறிய ரயிலையும் வெளியிட்டது.

இன்று பிரிட்டனில் நல்ல புதிய எஞ்சின் ஒன்றின் விலை நூறு பவுண்டைத் தாண்டிவிட்டது. பல மாதம் சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டு ஒருவர் அதனை வாங்குகிறார். பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைக்கிறார். எஞ்சின் இரண்டு அடி நகர்ந்து நிற்கிறது. அல்லது முனகுகிறது, நகர மறுக்கிறது. செய்தவர்களுக்கே அனுப்பினால், வாரங்கள் மாதங்களாகின்றன. இறுதியில் ‘உதிரிப்பாகம் கைவசம் இல்லை’ என்ற பதில் வருகிறது. பழுது எங்கே உண்டாகிறது, பழுதுபார்ப்பு ஏன் இவ்வளவு தாமதமாகிறது, வாங்கியவர் செய்ய வேண்டியது யாது என்னும் மூன்றையும் இங்கே ஒருவாறு ஆராய்வோம்.

முதலில் எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். வழக்கமான முறையில் தண்டவாளத்தின் இரு கம்பிகளிலும் 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் செலுத்தப்படுகிறது. சக்கரங்கள் அதனை ஏற்கின்றன. சக்கரத்தின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உலோக நாக்குகள் அம்மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டு செல்கின்றன. மோட்டாரின் அச்சில் திருகுபோன்ற புரியுடைய ஒரு தண்டு உண்டு. அது சுழலும்போது பல்சக்கரங்கள் சுழன்று வண்டிச் சக்கரங்களை உருட்டுகின்றன. தண்டவாளம் தொடங்கிப் பல்சக்கரம் வரையிலான இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எஞ்சின் நின்றுவிடும்.

எந்தக் கண்ணி அறுந்தது என்பதை எஞ்சினின் நடத்தையே சொல்லிவிடும். ஒலியே எழாவிட்டால் குற்றம் மின்சார வழியில் இருக்கிறது. விரலால் தள்ளினால் ஓடி, விட்டால் நிற்குமாயின் உலோக நாக்கு சக்கரத்தைச் சரிவரத் தொடவில்லை என்று கொள்ளலாம். ஒரே இடத்தில் மட்டும் நிற்குமாயின் குற்றம் எஞ்சினில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் சக்கரம் உருளவில்லையெனில் பல்சக்கரம் தளர்ந்திருக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றும்தோறும் ஒரு தடங்கல் தோன்றுமாயின், பல்சக்கரம் வெடித்திருக்கலாம். நீராவி எஞ்சினின் மாதிரியாக இருந்தால், இருபக்கத்துச் சக்கரங்களுக்கும் இடையே இருக்கவேண்டிய 90 பாகைக் கோணம் பிசகியிருக்கலாம்.

பழுதெனக் கருதப்படுவன பல உண்மையில் பழுதல்ல என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். தண்டவாளத்திலும் சக்கரத்திலும் படியும் கரிய அழுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்த அளவிலேயே உயிர்பெற்று ஓடும் எஞ்சின்கள் பல. தொழிற்சாலையில் இட்ட மசகு, பெட்டியில் நெடுநாள் கிடந்து இறுகிவிடுவதும் உண்டு. அதற்காக எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது பெருந்தவறு. அது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும் இடத்தை அடைந்தால் புதிய பழுதொன்றை வாங்கிக்கொண்டவர் ஆவோம். ஊசிமுனையில் தொங்கும் ஒரு துளி போதும். எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சின்களில் ‘டிகோடர்’ என்னும் மின்னணுச் சில்லு ஒன்று இருக்கும். அதனை எடுத்துவிட்டு, அதற்குரிய வெற்றுச் செருகியை வைத்துச் சாதாரண மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தால், குற்றம் சில்லில் உள்ளதா, எஞ்சினில் உள்ளதா என்பது வெளிப்பட்டுவிடும்.

உண்மையான பழுதுகளுள் மிகப் பரவலானது பல்சக்கர வெடிப்பு. வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பல்சக்கரத்தை உருக்கு அச்சில் இறுக்கி ஏற்றியிருப்பார்கள். ஆகவே அந்தப் பிளாஸ்டிக் எப்பொழுதும் இழுவிசைக்கு உட்பட்டே இருக்கிறது. காலப்போக்கில் அது சுருங்கி, மூப்படைந்து, ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரு பற்களுக்கு இடையிலுள்ள வெளி சற்று அகன்றுவிடும். அந்த இடம் வரும்தோறும் எஞ்சின் ‘டக்’கென்று துள்ளும். பசையிட்டு ஒட்டினால் அது நீடிப்பதில்லை, மாற்றுவதே வழி.

அதனினும் கொடியது உலோக வார்ப்பில் தோன்றும் நோய். எஞ்சினுக்கு எடை தரும் அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்த கலப்பு உலோகத்தால் வார்க்கப்படுகிறது. இதற்கு மிகத் தூய துத்தநாகம் இன்றியமையாதது. ஈயமோ வெள்ளீயமோ கேட்மியமோ நுண்ணிய அளவு கலந்துவிட்டாலும், உலோக மணிகளின் இடைவெளி வழியே அரிப்பு உள்ளே பரவும். ஈரமும் வெப்பமும் அதனை விரைவுபடுத்தும். வார்ப்பு வீங்கும், வளையும், மயிரிழைபோல் வெடிக்கும். இறுதியில் விரலுக்கிடையே பொடியாகும். 1930-களின் மாதிரிகள் பல இவ்வாறு அழிந்தன. தூய உலோகத்தின் தேவை அறியப்பட்டுப் பல்லாண்டுகள் சென்ற பின்பும், இந்த நூற்றாண்டில் வார்க்கப்பட்ட சில எஞ்சின்களிலும் இக்கேடு தோன்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இது தொற்றுவதில்லை. ஆனால் தோன்றிவிட்டால் மருந்தும் இல்லை. பெட்டியை விட்டு வெளியே எடுக்கப்படாத எஞ்சினையும் இது தின்னும். ஆதலால் எடுத்து வைத்த எஞ்சினை ஆண்டுக்கொருமுறையேனும் வெளியில் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இனி, பழுதுபார்ப்பு தாமதமாவதன் காரணத்தை நோக்குவோம். ஒருகாலத்தில் எஞ்சினைச் செய்த ஆலையும் அதை வாங்கியவரின் ஊரும் ஒரே நாட்டில் இருந்தன. கடைக்காரர்களுக்கென்று பழுதுபார்க்கும் விளக்கத்தாள்களைக் கம்பெனிகள் அச்சிட்டு அளித்தன. கடைக்காரரே பிரித்து, பாகத்தை மாற்றித் தந்துவிடுவார். அந்த ஏற்பாடு படிப்படியாகக் குலைந்தது. 1964-இல் மெக்கானோ கம்பெனி, லைன்ஸ் பிரதர்ஸ் என்ற போட்டி நிறுவனத்தின் வசமாயிற்று. லிவர்பூல் ஆலை 1979-இல் மூடப்பட்டது. ஹார்ன்பியின் பெயர் தாங்கிய ரயில்கள் பின்னர் கென்ட் மாவட்டத்து மார்கேட் ஆலையில் செய்யப்பட்டன. அவ்வேலையும் 1990-களில் சீனாவுக்குச் சென்றது.

இன்று பல கம்பெனிகளுக்குச் சொந்த ஆலை இல்லை. ஆலைக்காரர் ஒரு வகை எஞ்சினைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒரே தொகுதியாகச் செய்து முடித்து, அச்சுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொருவரின் வேலையைத் தொடங்கிவிடுகிறார். உதிரிப்பாகங்கள் அத்தொகுதியோடு சிறு அளவில் செய்யப்படுகின்றன. அவை தீர்ந்துவிட்டால் அடுத்த தொகுதி வார்க்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த தொகுதி வருமா என்பதற்கும் உறுதி இல்லை. பல எஞ்சின்களில் ஒரே குற்றம் இருந்துவிட்டாலோ, அத்தனையும் ஒரே சமயத்தில் திரும்பி வந்து, சிலரே பணிபுரியும் பழுதுபார்க்கும் பகுதியில் குவிந்துவிடும். ஆகவே தாமதம் என்பது எப்பொழுதும் அலட்சியத்தால் விளைவதன்று. பாகமே உலகில் இல்லாமையால் விளைவதும் உண்டு. இதை உணர்ந்தவர் ‘எப்பொழுது அனுப்புவீர்கள்?’ என்று கேட்குமுன், ‘பாகம் கையிருப்பில் உள்ளதா?’ என்று கேட்பார். இல்லை என்று தெரிந்தால் காத்திருப்பதில் பொருளில்லை. மாற்று எஞ்சினையோ பணத்தையோ கேட்பதே தக்கது.

இவ்விடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எஞ்சினைச் செய்த கம்பெனி தரும் உத்தரவாதத்தை மட்டுமே நம்பி, அதற்கே அனுப்பிவிட்டுப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கியவருக்கு முதலில் பொறுப்பானவர் பொருளை விற்ற கடைக்காரரேயாவார். பொருள் குற்றமுள்ளதாயின் 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுப்பணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்குள் கடைக்காரரிடம் பழுதுபார்த்துத் தரக் கேட்டால், காத்திருக்கும் நாட்கள் அந்த முப்பதில் சேரா. முப்பது நாள் கடந்த பின்னர், பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடைக்காரருக்கு ஒரு வாய்ப்பு அளிக்கவேண்டும். அதுவும் நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெருந்தொல்லை இன்றி முடியவேண்டும். முடியாவிட்டால் விலைக்குறைப்பையோ பணத்தையோ கோரலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தோன்றும் குற்றம் தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் கருதுகிறது; இல்லையென்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஜெர்மனியில் இக்காலம் 2022 முதல் ஓராண்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

கடையே இல்லாமற் போனால் என்ன செய்வது? இக்கேள்வி வீணன்று. மார்க்லின் போன்ற பழம்பெரும் நிறுவனமே 2009-இல் திவால் மனுச் செய்து, பின்னரே மீண்டெழுந்தது. லிவர்பூல் பக்கத்தில் 1946 முதல் வியாபாரம் செய்துவந்த ஹாட்டன்ஸ் என்ற புகழ்பெற்ற கடை, தொழிலை முடித்துக்கொள்வதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டு மூலம் வாங்கினால், 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி கார்டு கொடுத்த நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பாகிறது. அறிந்தவர் பணம் செலுத்தும்போதே இதனைக் கருதிக்கொள்வர்.

ஆகவே, செய்யவேண்டிய முறை இதுதான். எஞ்சின் வந்த அன்றே, அல்லது அந்த வாரத்திலேயே, பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறந்தநாள் பரிசாக வாங்கி ஆறு மாதம் அலமாரியில் வைத்திருப்பவர் தம் உரிமையையும் அங்கேயே பூட்டி வைக்கிறார். தூய தண்டவாளத்தில் ஒவ்வொரு திசையிலும் அரைமணி நேரம் மெதுவாக ஓட்டுவது வழக்கம். குற்றம் தென்பட்டால் உடனே நிறுத்தி, அது தெரியும்படி சிறு படக்காட்சி எடுத்துக்கொண்டு, வாங்கிய தேதியையும் குற்றத்தையும் வேண்டும் பரிகாரத்தையும் குறித்து விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். பெட்டியையும் உள்ளிருக்கும் அட்டைகளையும் எறியலாகாது. பழுதான எஞ்சின்கள் தபாலில் மேலும் பழுதாவது மிகச் சாதாரணம். இந்நிலையில் எஞ்சினைத் தாமே பிரிப்பதும் கூடாது. பிரித்துவிட்டால் குற்றம் பிரித்ததனால் நேர்ந்ததென்று சொல்ல இடமாகும்.

உரிமைக் காலம் கடந்த எஞ்சினுக்கு நிலைமை வேறு. அங்கே சொந்தக் கைத்திறனே துணை. உலோக நாக்கைச் சிறிது வளைத்துவிடுவது, இரு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தை அளந்து சரிசெய்வது, பிரஷ் மாற்றுவது, அறுந்த கம்பியைப் பற்றவைப்பது ஆகியவை பொறுமையுள்ளவர் எவரும் கற்கக்கூடியவை. பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் வைத்தால் பூட்டும்போது குழப்பம் வாராது. பழைய மோட்டார்களில் ஒரு எச்சரிக்கை: அவற்றின் காந்தத்தைத் தனியே எடுத்தால் அதன் வலிமை குன்றும், இரும்புத்துண்டு ஒன்றை அதன் முனைகளில் இணைத்த பிறகே எடுக்கவேண்டும். கிடைக்காத பல்சக்கரத்தைச் சிறு தயாரிப்பாளர்கள் பித்தளையில் கடைந்தும், முப்பரிமாண அச்சில் வடித்தும் தருகின்றனர். உள்ளூர் மாதிரி ரயில் சங்கங்களில் இவ்வேலையில் தேர்ந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார்.

நம் நாட்டில் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே எஞ்சினைத் தருவிக்கின்றனர். திருப்பி அனுப்பத் தபாற்செலவும் சுங்கச் சிக்கலும் குறுக்கே நிற்கும். அவர்கள் வாங்குமுன்பே, எஞ்சினை ஓட்டிப்பார்த்து அனுப்பும்படி கடைக்காரரை எழுத்தில் கேட்டுக்கொள்வதும், அந்த வகைக்கு உதிரிப்பாகம் தனியே விற்கப்படுகிறதா என்று விசாரிப்பதும் மற்றவர்களைவிட அதிகம் அவசியமாகும்.

மனிதர் செய்யும் எந்த யந்திரமும் பழுதுறுவது இயல்பே. அதனைத் தவிர்க்க வாங்கியவரால் இயலாது. ஆனால் பழுதை முதல் மாதத்திலேயே கண்டறிவதும், கண்டதை உரியவரிடம் உரிய காலத்தில் சொல்வதும் அவர் கையிலேயே இருக்கின்றன. அவ்விரண்டையும் செய்தவர் நெடுநாள் காத்திருக்க நேராது. நேர்ந்தாலும் வெறுங்கையோடு காத்திருக்க மாட்டார்.