வலது கையை வெட்டி ஒட்டலாமா?

இசைக்குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு: பாட்டில் தங்கள் கிட்டார் கேட்பதே இல்லை. சவுண்ட் இன்ஜினியரிடம் சொன்னால் கூட்டுவார், கூட்டினால் பாடகரின் குரல் அமுங்கும், மறுபடி குறைப்பார். பழி மைக்கின் மேல் விழும். உண்மையில் மைக் வைப்பதற்கு முன்பே, என்ன வாசிப்பது என்று தீர்மானித்த இடத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது ஒரே கிட்டார் பேஸ், ஸ்வரம், தாளம் மூன்றையும் சுமக்கிறது. அதே வாசிப்பைக் குழுவுக்குள் கொண்டுவந்தால் இடம் எங்கே இருக்கிறது? கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பெரிய உடல் கொண்ட கிட்டாரின் காற்றறையோ 100 ஹெர்ட்ஸ் அளவில் தானே அதிர்கிறது. 41 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலேறும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே அங்கே குடியிருக்கின்றன. நடுப்பகுதி குரலுக்கும் கீபோர்டுக்கும் போய்விடுகிறது. மிஞ்சுவது மெல்லிய தந்திகளின் மினுக்கமும், பிக் தந்தியை உரசும் அந்தச் 'சிக்' ஒலியும்தான். கச்சேரியில் மோர்சிங் எப்படிச் சுருதியும் வைத்துக்கொண்டு தாளமும் சொல்கிறதோ, குழுவில் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அதே வேலைதான்.

இதைப் பழைய ஆட்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1930களின் அமெரிக்க ஸ்விங் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்கு நடுவே, பெருக்கி எதுவும் இல்லாத கிட்டாரை ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். தாளத்துக்கு நாலு தட்டு, அவ்வளவே. அவர்களில் பெரிய கலைஞர் ஒருவர், விரல்கள் கார்டு முழுவதையும் பிடித்திருந்தாலும் பல நேரம் ஒன்றிரண்டு ஸ்வரங்களை மட்டுமே ஒலிக்கவிட்டார். தனித்து எட்டிப்பார்க்காத அந்த ஒலி டிரம்ஸையும் பேஸையும் ஒரே மூச்சில் கட்டி வைத்தது. நாஷ்வில் ஸ்டுடியோக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். தடித்த நாலு தந்திகளைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு தந்திக் கிட்டாரின் மெல்லிய தந்திகளை ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்துப் பூட்டினார்கள். கீழ்ச்சத்தமே இல்லாத அந்தக் கிட்டார் எந்த நெரிசலிலும் இடறாது. அது இல்லாவிட்டாலும், தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பூட்டும் கேப்போ இருக்கிறது. ஒருவர் சி மேஜரைத் திறந்த தந்திகளில் வாசிக்கும்போது இன்னொருவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஜி வடிவத்தைப் பிடித்தால் அதே கார்டு வேறு உயரத்தில் விரிகிறது.

பதிவு செய்கிற விஷயமும் இதையொட்டியே போகிறது. ஒலித்துளைக்கு நேரே மைக் வைத்தால் காற்றறையின் 'பூம்' தான் கிடைக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்தபடி ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளிச் சிறிய கண்டென்சர் மைக்கை வைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் தனியாகக் கேட்க ஒல்லியாக இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் சரியாக உட்காரும். அகலம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் தள்ளுவார்கள். ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இருபுறமும் வைத்தால் ஒலி நடுவிலேயே நின்றுகொள்ளும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு வாசிப்புக்கும் இடையில் விழும் சில மில்லி விநாடி வேறுபாட்டில்தான் அந்த அகலம் பிறக்கிறது.

இப்போது நடப்பதைப் பார்த்தால் கவலை வருகிறது. நன்றாக அமைந்த இரண்டு பார்களை மட்டும் வெட்டி, பல்லவி முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். அதுவும் சிரமம் என்றால் யாரோ எங்கோ வாசித்த லூப். முழுதாக வாசிக்கும் ஒருவரின் வலது கை அப்படி இயங்குவதில்லை. கை கீழே போகும்போது தடித்த தந்திகளும், மேலே வரும்போது மெல்லிய இரண்டு மூன்று தந்திகளும் ஒலிக்கின்றன. எத்தனை தந்தி என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அடுத்த கார்டுக்கு இடது கை தாவும் அந்த அரை எண்ணிக்கையில் வலது கை நிற்பதில்லை. திறந்த தந்திகள் ஒரு கணம் ஒலித்து இரண்டு கார்டுகளையும் இணைக்கும். வெட்டி ஒட்டும்போது முதலில் அறுபடுவது இந்த இணைப்புதான். பாடகர் ஒரு சொல்லை இழுக்கிறார், டிரம்ஸ் சரணத்தில் ஏறுகிறது; ஒட்டிய கிட்டாருக்கு இதெல்லாம் காதில் விழாது.

மெட்ரோனோமின் கிளிக்கைக் கேட்டுத்தானே எல்லோரும் வாசிக்கிறார்கள், இதில் என்ன உயிர் என்பார்கள். கிளிக் எங்கே அடிக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு மயிரிழை பின்தங்குவதும் முந்துவதும் வாசிப்பவரின் உரிமை. பாட்டின் நடையே அங்கேதான் இருக்கிறது. கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பது இன்னொரு வாதம். பெயர் சொல்லத் தெரியாது என்பது சரி. முழுதாக வாசித்த கிட்டாரை மிக்ஸிலிருந்து எடுத்துப் பாருங்கள், பாட்டு தொய்ந்துபோகும். ஒட்டியதை எடுத்தால் சற்றுச் சத்தம் குறைந்ததாகத்தான் தோன்றும். இயந்திரத் துல்லியத்தையே அழகாகக் கொண்ட நடன இசைக்கு இது பொருந்தாது. அங்கே லூப் இருக்கட்டும்.

எனக்குப் பயம், வாசிக்க வரும் பிள்ளைகளைப் பற்றி. இரண்டு பார் சுத்தமாக வந்தால் போதும் என்று ஸ்டுடியோ சொல்லிவிட்டால், நாலு நிமிடம் ஒரே சீராக ஸ்ட்ரம் செய்யும் மணிக்கட்டு எங்கிருந்து வரும்? மேடையில் அது உடனே அம்பலமாகும். பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப் அறையின் ஒலியையோ கிட்டார் உடலுக்குள் அதிரும் காற்றையோ அவ்வளவாக எடுக்காது; தந்தியில் விழும் ஒவ்வொரு அடியையும், தடுமாற்றம் உட்பட, வறட்டுத்தனமாகப் பெரிதாக்கிக் காட்டும். நேரமில்லை, செலவு கட்டாது என்ற சமாதானமும் நிற்காது. நாலு நிமிடப் பாட்டை இரண்டு முறை முழுதாக வாசிக்க எட்டு நிமிடம். தவறிய இடங்களை மட்டும் திரும்ப வாசித்துச் சேர்த்தாலும் அரை மணியில் வேலை முடியும். நல்ல இரண்டு பாரைத் தேடிப் பிடித்து, அறுத்து, ஓரம் தெரியாமல் ஒட்டவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்கிறது.